பார்லியைப் போல இருக்கும் புல்லெல்லாம் பார்லியின் மூதாதையா?

கேள்வி இது: பாதையோரத்தில் பார்லிக் கதிரைச் சிறிதாக்கி வைத்தாற்போல ஒரு புல் நிற்கிறது. அதுதான் பார்லியின் காட்டு மூதாதையா? அதைப் பார்லியோடு கலந்து நோய் தாங்கும் ரகம் எடுக்க முடியுமா? இப்படிப்பட்ட காட்டுப் புற்களால் பயிருக்கு இதுவரை உருப்படியாக ஏதாவது கிடைத்திருக்கிறதா?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் இல்லை. பாதையோரம், சுவரோரம், மேய்ச்சல் தரை என்று மனிதர் மிதித்த மண்ணில் தானாக முளைக்கும் பார்லிச் சாயல் புல், அநேகமாக ஹோர்டியம் மியூரினம் என்ற எலிப்பார்லியாகத்தான் இருக்கும். அது பார்லிக்குச் சொந்தம்தான், ஆனால் தூரத்துச் சொந்தம். பார்லியோடு கலந்து விதை எடுக்கும் அளவுக்கு நெருக்கம் அதற்குக் கிடையாது. அசல் மூதாதை வேறு ஒரு புல். அதன் சொந்த நிலத்துக்கு வெளியே அதை வழியில் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு.

மற்ற இரண்டு கேள்விகளும் இந்த நெருக்கம், தூரம் என்பதைச் சுற்றியே இருக்கின்றன. புல்லினத்தில் உறவைக் கண்ணால் அளக்கக் கூடாது. பார்க்க ஒன்றுபோல இருப்பவை ஒட்டாமல் போகும். பார்க்கச் சம்பந்தமே இல்லாதது எதிர்பாராமல் கைகொடுக்கும்.

ஹோர்டியம் என்ற பேரினத்தில் 30க்கும் சற்று அதிகமான இனங்கள் இருக்கின்றன. கோதுமையும் ரை தானியமும் இருக்கும் அதே குலம். கோதுமையின் பாதையும் பார்லியின் பாதையும் பிரிந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு ஆகியிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. இந்த இனங்களில் மனிதன் இன்று பயிரிட்டு உண்பது ஹோர்டியம் வல்கேர் ஒன்றைத்தான். மற்றவை மத்தியதரைக் கடலைச் சுற்றியும், மத்திய ஆசியாவிலும், வட அமெரிக்காவிலும் பரவிக் கிடக்கின்றன. எண்ணிக்கையில் அதிகம் இருப்பது தென் அமெரிக்காவில். பேரினம் பிறந்தது பழைய உலகில், கிளைத்துப் பெருகியது ஆண்டீஸ் மலையடியிலும் பட்டகோனியாவிலும். குரோமோசோம் கணக்கும் எளிது. அடிப்படை எண் 7. சாதாரணப் பார்லிக்கு 14. சில இனங்களுக்கு 28, சிலவற்றுக்கு 42.

ஒரு புல் ஹோர்டியமா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. கதிரைப் பறித்து, அடிப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு கணுவாகப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் மூன்று சிறுகதிர்கள் அருகருகே ஒட்டியிருக்கும். கோதுமையில் கணுவுக்கு ஒன்றுதான். அந்தச் சிறுகதிருக்குள் பல பூக்கள் இருக்கும். ஹோர்டியத்தில் மூன்று சிறுகதிர், ஒவ்வொன்றிலும் ஒரே பூ. அடுத்த கணுவில் இன்னொரு மூன்று, எதிர்ப்பக்கம் பார்த்தபடி. இந்த மும்மூன்று அமைப்பு இருந்தால் அது பெரும்பாலும் ஹோர்டியம்தான்.

அந்த மூன்றில் எது மணி பிடிக்கிறது என்பதே அடுத்த அடையாளம். காட்டு இனங்களில் பொதுவாக நடுவில் இருப்பது மட்டுமே மணியாகும். பக்கத்து இரண்டும் மலடு, அல்லது மகரந்தம் மட்டும் தருபவை. இரு பக்கமும் நடுமணி மட்டும் நிற்பதால் கதிரில் இரண்டு வரிசை தெரியும். பயிர்ப் பார்லியின் ஈரடுக்கு ரகங்களும் அப்படியே. ஆறு வரிசை ரகங்களில் மூன்றும் மணி பிடிக்கின்றன. பக்கத்துச் சிறுகதிர்களை அடக்கி வைத்திருந்த விஆர்எஸ்1 என்ற மரபணு பழுதானதுதான் காரணம் என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர் கோமட்சுடாவின் குழு காட்டியது. அந்தப் பழுது ஒரே இடத்தில் ஒரே முறை நேர்ந்ததும் அல்ல. வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக நேர்ந்திருக்கிறது. எலிப்பார்லியைப் பிரித்தால் பக்கத்துச் சிறுகதிர்கள் நடுவில் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும், நடுச்சிறுகதிரின் வெளிச்செதில் ஓரத்தில் மெல்லிய மயிர் வரிசை இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தாலே உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இனி உறவு முறை. பயிர்களின் உறவினரைப் பிரிக்க 1971இல் ஹார்லன், டி வெட் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். பெயரையும் தோற்றத்தையும் ஒதுக்கிவிட்டு, கலந்தால் என்ன ஆகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். தடையின்றிக் கலந்து, பிறக்கும் செடியும் நன்றாக விதை வைத்தால் முதல் வட்டம். கலக்கும், ஆனால் பிள்ளை பெரும்பாலும் மலடாகும், விடாமல் முயன்றால் ஏதோ கிடைக்கும் என்றால் இரண்டாம் வட்டம். ஆய்வகத்தில் கருவை வெட்டியெடுத்து வளர்த்தாலொழிய ஒன்றும் பிழைக்காது என்றால் மூன்றாம் வட்டம். பார்லிக்கு இந்தக் கணக்கு வியப்பான விதத்தில் விழுகிறது. முதல் வட்டத்தில் ஒரே ஒரு காட்டுப் புல். இரண்டாம் வட்டத்திலும் ஒன்றே ஒன்று. மிச்சம் உள்ள முப்பது சொச்சமும் மூன்றாம் வட்டத்தில். கோதுமைக்கு வாய்த்ததுபோல் கைக்கெட்டும் தூரத்தில் பெரிய சொந்தக் கூட்டம் பார்லிக்கு வாய்க்கவில்லை.

முதல் வட்டத்தில் இருப்பதுதான் மூதாதை. 1848இல் கார்ல் கோக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இதற்கு ஹோர்டியம் ஸ்பான்டேனியம் என்று பெயரிட்டார். இன்று இதைத் தனி இனமாகக்கூட எண்ணுவதில்லை, பார்லியின் துணையினமாகவே வைக்கிறார்கள். அவ்வளவு நெருக்கம். கிழக்கு மத்தியதரைக் கடலோரத்திலிருந்து ஜோர்டான், சிரியா, துருக்கியின் தென்கிழக்கு, ஈராக், ஈரான் வழியாகத் துர்க்மேனிஸ்தான், ஆப்கானிஸ்தான் வரை இயற்கையாக வளர்கிறது. மழைக்காலத்தில் முளைத்து, கோடை வருமுன் விதை முடித்துக் காய்ந்துவிடும் ஓராண்டுப் புல். வயலில் நிற்கும் ஈரடுக்குப் பார்லியின் பக்கத்தில் வைத்தால் இளம்பருவத்தில் அனுபவசாலிகூட ஒரு கணம் தயங்குவார்.

முற்றியபின் தயக்கம் இருக்காது. காட்டுப் பார்லிக் கதிரை விரலால் தொட்டால் போதும், நுனியிலிருந்து கணுக்கணுவாகக் கழன்று விழும். விழும் ஒவ்வொரு துண்டும் அம்பைப் போன்றது. கீழே கதிர்த்தண்டின் கூரிய துணுக்கு, நடுவில் கொழுத்த மணி ஒன்று, அதன் இருபுறமும் ஒட்டிய மலட்டுச் சிறுகதிர்கள், மேலே நீண்ட மீசை. மீசையை நுனியிலிருந்து அடி நோக்கி விரலால் நீவினால் சொரசொரவென்று தடுக்கும், எதிர்த்திசையில் நீவினால் வழுக்கும். அதிலுள்ள பொடி முட்கள் எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருப்பதே காரணம். ஆகவே இந்த அம்பு மண் வெடிப்பிலோ விலங்கின் உரோமத்திலோ புகுந்தால் முன்னே மட்டும்தான் போகும், பின்னே வராது. கோடை முழுதும் வெடிப்புக்குள் தூங்கி, மழை வந்தபின் முளைக்கும். ஆட்டுக்கும் எறும்புக்கும் வெயிலுக்கும் தப்ப இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அறுவடை செய்ய வருபவனுக்கு இதைவிட மோசமான ஏற்பாடும் கிடையாது.

பயிர்ப் பார்லிக்கும் காட்டுப் பார்லிக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இந்த உதிர்வு ஒன்றுதான். உதிராத கதிர் காட்டில் பிழைக்காது. மனிதன் கையில் மட்டுமே பிழைக்கும். இதை முடிவு செய்யும் மரபணுக்கள் இரண்டு. பிடிஆர்1, பிடிஆர்2 என்று பெயர். இரண்டும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் சரியாக வேலை செய்தால் கதிர்த்தண்டின் கணுவில் செல் சுவர்கள் மெலிந்து அந்த இடம் ஒடியும். ஒன்று பழுதானாலும் சுவர் தடிமனாகவே நின்றுவிடும், கதிர் ஒடியாது. 2015இல் வெளியான ஆய்வு பழுதையும் டிஎன்ஏவில் எழுத்தெழுத்தாகக் காட்டிவிட்டது. ஒரு வகைப் பார்லியில் பிடிஆர்1இல் ஒரே ஓர் எழுத்து காணாமல் போயிருக்கிறது. இன்னொரு வகையில் பிடிஆர்2இல் 11 எழுத்துகள் போயிருக்கின்றன. உலகில் இன்று விளையும் பார்லி ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டில் ஏதோ ஒரு பழுதைச் சுமக்கிறது.

இரண்டு தனித்தனிப் பழுது என்றால், உதிராத பார்லி குறைந்தது இரண்டு முறை தோன்றியிருக்கிறது என்று பொருள். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வயலிலேயே செய்து பார்க்கக்கூடிய இதன் விளைவு. உதிராத பார்லி ஒன்றை எடுத்து, வேறு வகைப் பழுதுள்ள இன்னோர் உதிராத பார்லியோடு கலக்கிறீர்கள். பிறக்கும் செடி உதிர்கிறது! தாயிடம் நல்ல பிடிஆர்2, தகப்பனிடம் நல்ல பிடிஆர்1. இரண்டும் பிள்ளையில் சேர்ந்துகொண்டதும் பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய குணம் ஒரே தலைமுறையில் திரும்பிவிடுகிறது. ஜப்பானின் தகஹாஷி இதை 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கவனித்து, உலகப் பார்லியைக் கீழை வகை, மேலை வகை என்று பிரித்தும் விட்டார். மரபணுவைக் கண்ணால் காண இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இது தெரியாத காலத்தில் ஒரு பெரிய குழப்பமும் நடந்தது. 1938இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஓபெர்க், திபெத்திலிருந்து வந்த மணிகளிலிருந்து ஆறு வரிசையும் உதிரும் கதிரும் கொண்ட ஒரு பார்லியை வளர்த்து, அதற்கு ஹோர்டியம் அக்ரியோகிரைதான் என்று பெயரிட்டார். ஆறு வரிசைப் பார்லிக்குத் தனி மூதாதை கிடைத்துவிட்டது என்று பலரும் நம்பினார்கள். பிறகு யோசித்துப் பார்த்தால், ஆறு வரிசைப் பயிரும் ஈரடுக்குக் காட்டுப் பார்லியும் கலந்தாலே பேரப்பிள்ளைகளில் சில அப்படித்தான் இருக்கும். மேலே சொன்ன கீழை, மேலைக் கலப்பிலும் அப்படி வரலாம். இன்றைய மரபணு ஆய்வுகளும் அக்ரியோகிரைதானைக் கலப்பின் விளைவு என்றே சொல்கின்றன. தாத்தா என்று நினைத்தது பேரனாகப் போயிற்று.

காட்டுப் பார்லியை மனிதன் உண்ணத் தொடங்கியது பயிரிடுவதற்கு வெகுகாலம் முன்பு. கலிலேயக் கடலின் நீர்மட்டம் 1989இல் இறங்கியபோது கரையில் ஓகாலோ 2 என்ற இடம் வெளிப்பட்டது. சுமார் 23,000 ஆண்டுகள் பழைய குடிசைகள். கருகிய காட்டுப் பார்லி மணிகளும், மாவுத்துகள் ஒட்டிய அரைக்கும் கல்லும் அங்கே கிடைத்தன. உழவு பிறக்க இன்னும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் இருந்த காலம் அது. ஈரானின் சாக்ரோஸ் மலையடியில் சோகா கோலான் என்ற மேட்டில், சுமார் 12,000 ஆண்டுக்கு முன் தொடங்கி மக்கள் காட்டுப் பார்லியைத் தொடர்ந்து பயன்படுத்திய அடுக்குகள் இருக்கின்றன. கருகிப்போன மணி காட்டுடையதா பயிருடையதா என்று அகழாய்வாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் மணியைவிடக் கதிர்த்தண்டுத் துணுக்கைத்தான் நம்புவார்கள். தானாகக் கழன்ற தழும்பு வழவழப்பாக இருக்கும், அடித்துப் பிய்த்த தழும்பு கிழிந்து முரடாக இருக்கும். முரட்டுத் தழும்புகளின் பங்கு மெல்ல மெல்ல ஏறுவதைத்தான் பயிரானதற்கு அடையாளமாகக் கொள்கிறார்கள். அந்த ஏற்றத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிடித்திருக்கிறது. ஒரே நாளில் யாரோ ஒரு மேதை கண்டுபிடித்த பயிர் இல்லை இது.

இஸ்ரேலின் மசாதாக் கோட்டைக்கு அருகே யோராம் குகையில் கிடைத்த 6,000 ஆண்டுப் பழைய பார்லி மணிகள் கருகாமல் வறண்டே காத்திருந்தன. அவற்றின் டிஎன்ஏவை 2016இல் படித்தபோது, அந்தப் பகுதியில் இன்று விளையும் நாட்டுப் பார்லிக்கு அவை மிக நெருக்கமாக இருந்தன. அதாவது 6,000 ஆண்டுக்கு முன்பே வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. பார்லியின் முழு மரபுத்தொகுதியான ஜீனோமையும் எடுத்து எந்தத் துண்டு எந்தக் காட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பார்த்தால், ஒரே ஊரைக் கைகாட்ட முடிவதில்லை. வளமான பிறை என்ற மேற்காசிய நிலப்பகுதியின் பல மூலைகளிலிருந்து வந்த துண்டுகள் கலந்து கிடக்கின்றன. இந்த ஜீனோமும் சின்னது இல்லை. சுமார் 500 கோடி எழுத்துகள், மனிதனுடையதைவிட ஒன்றரை மடங்கு. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். 2012இல் வரைவும் 2017இல் நல்ல பிரதியும் வந்தன.

உதிராமையைத் தவிர மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உமி மணியோடு ஒட்டாத ரகம் ஒரே ஒரு முறைதான் தோன்றியது. சுமார் 17,000 எழுத்து நீளத்துண்டு ஒன்று மொத்தமாகக் காணாமல் போனதால் வந்தது அது. உமி ஒட்டாத பார்லிகள் உலகெங்கும் அதே இழப்பையே சுமக்கின்றன. விதை உறக்கமும் குறைந்தது. காட்டு மணி கோடை முழுதும் தூங்க வேண்டும், விதைத்த மணி உடனே முளைக்க வேண்டும். கவனித்தால் தெரியும், பயிராக்கம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி ஏதோ ஒரு மரபணுவை இழந்ததுதான்.

அப்படியானால் காட்டுப் பார்லியிடம் நாம் இழந்த நல்லவையும் இருக்க வேண்டும் அல்லவா? இருக்கின்றன. ஐரோப்பிய ரகங்களில் சாம்பல் நோயைத் தடுக்கும் மரபணுக்களில் சில ஸ்பான்டேனியத்திலிருந்து வந்தவை. வறட்சிக்கும் இது உதவியது. மழை குறைந்த ஆண்டில் பார்லி குட்டையாகிவிடும். கதிர் இருந்தும் அரிவாளுக்கும் இயந்திரத்துக்கும் எட்டாது. சிரியாவில் இயங்கிய இகார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆய்வு நிறுவனத்தில் செக்கரெல்லியும் கிராண்டோவும் காட்டுப் பார்லியை நாட்டு ரகத்தோடு கலந்து, வறட்சியிலும் உயரம் குறையாத வரிசைகளை எடுத்தார்கள். விளைச்சலைப் பற்றி மட்டும் யோசிப்பவர்களுக்கு இந்த உயரப் பிரச்சினை தோன்றவே தோன்றாது. வைக்கோலை நம்பி ஆடு வளர்ப்பவரிடம் கேட்டால்தான் தெரியும்.

காட்டுக் கூட்டங்களுக்குள் இருக்கும் வேறுபாடும் பெரிது. இஸ்ரேலின் கார்மல் மலையில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. தெற்கு பார்த்த சரிவு வெயிலில் வறண்டது, வடக்கு பார்த்த சரிவு நிழலில் பசுமையானது. இடையே சில நூறு மீட்டர்தான். இரு சரிவுகளிலும் வளரும் காட்டுப் பார்லிகள் மரபணுவில் வேறுபடுகின்றன என்று எவியாடார் நேவோவின் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது. அதே குழு 1980இல் சேகரித்த விதையையும், அதே இடங்களில் 2008இல் சேகரித்த விதையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தது. பிந்தையவை சராசரியாகப் பத்து நாள் அளவுக்கு முன்னதாகவே பூத்தன. 28 ஆண்டில் இவ்வளவு மாற்றம். விதை வங்கியில் பழைய மணி இருந்ததால்தான் இந்த ஒப்பீடே முடிந்தது.

ஆனால் இந்தக் கலப்பு இனாமாக வருவதில்லை. நல்ல மரபணு ஒன்றை இழுத்தால் அதன் அக்கம்பக்கமும் சேர்ந்து வரும். உதிரும் கதிர், சின்ன மணி, கறுத்த உமி, சாயும் தண்டு எல்லாம். அவற்றைக் கழற்ற, பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பயிர்ப் பெற்றோரோடு சேர்க்க வேண்டும். தலைமுறைகள் போகும். வணிக ரகம் உருவாக்குபவர்கள் காட்டுப் பார்லியைத் தொடத் தயங்குவது சோம்பலால் அல்ல.

இரண்டாம் வட்டத்தில் தனியாக நிற்பது ஹோர்டியம் பல்போசம். என்னைக் கேட்டால் பார்லியின் உறவினர்களிலேயே சுவாரசியமானது இதுதான். பல ஆண்டு வாழும் புல். தண்டின் அடியில் சிறு வெங்காயம்போல் வீங்கியிருக்கும், கோடையில் மேலே எல்லாம் காய்ந்தாலும் அந்த வீக்கத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். பார்லி தன் மகரந்தத்தாலேயே கருவுறும். பல்போசமோ தன் மகரந்தத்தை ஏற்காது, அடுத்த செடியிலிருந்து வந்தால்தான் விதை பிடிக்கும். மத்தியதரைக் கடல் பகுதியில் 14 குரோமோசோம் உள்ளவையும் 28 உள்ளவையும் இருக்கின்றன. தோற்றம், ஆயுள், பழக்கம் எதிலும் பார்லியோடு ஒட்டாத செடி. ஆனாலும் எலிப்பார்லியைவிட இதுதான் நெருங்கிய சொந்தம்.

பார்லிப் பூவில் இருமடிய, அதாவது 14 குரோமோசோம் உள்ள, பல்போசத்தின் மகரந்தத்தைத் தூவினால் கருவுறுதல் நன்றாகவே நடக்கும். கருவில் இரு தரப்பிலிருந்தும் ஏழேழு குரோமோசோம். பிறகுதான் விசித்திரம். செல் பிரியப் பிரிய பல்போசத்தின் குரோமோசோம்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கித் தொலைந்துபோகின்றன. சில நாட்களில் கருவில் மிஞ்சுவது பார்லியின் ஏழு மட்டும். கருவுக்கு ஊட்டமளிக்க வேண்டிய திசுவும் கெட்டுவிடுவதால், அப்படியே விட்டால் விதை சுருங்கிச் செத்துவிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மணியைத் திறந்து, கருவைச் சேதமில்லாமல் எடுத்து ஊட்டக் கூழில் வைத்தால் மெல்லிய ஒரு நாற்று எழும். அதற்கு ஒரே ஒரு தொகுதி குரோமோசோம்தான். ஒருமடியச் செடி, மலடு. கோல்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து ஏழைப் பதினான்காக்கினால் விதை வைக்கும் செடி ஆகிவிடும்.

இதில் என்ன லாபம் என்றால், இரண்டு தொகுதிகளும் ஒன்றின் நகல். எல்லா மரபணுவும் இரட்டையாக ஒன்றுபோல இருக்கும். வழக்கமான முறையில் கலப்புச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கையில் ஆறேழு தலைமுறை ஓட்டினால்தான் இந்த நிலைத்தன்மை வரும். இங்கே ஒரே தாவலில் கிடைத்துவிடுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் காஷாவும் காவோவும் 1970இல் இதை வெளியிட்டார்கள். இந்த வழியில் பிறந்த மிங்கோ என்ற பார்லி ரகம் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கனடாவில் ஒப்புதல் பெற்றது. பல்போசம் அந்த ரகத்துக்குத் தன் மரபணு ஒன்றையும் கொடுக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். வந்து, வேலையை முடித்து, தடயமின்றி மறைந்துவிட்டது. பின்னாளில் மகரந்தப்பையை நேரடியாகத் திசு வளர்ப்பு செய்யும் முறை பரவியதால் இந்த வழியின் தேவை குறைந்தது.

குரோமோசோம்கள் ஏன் தொலைகின்றன என்பதற்கு 2011இல் விடை வந்தது. செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் பிடி அதன் நடுப்புள்ளியில் இருக்கிறது. அங்கே சென்எச்3 என்ற புரதம் அமர வேண்டும். கலப்புக் கருவில் பார்லியின் குரோமோசோம்களில் அது அமர்கிறது, பல்போசத்தினவற்றில் அமரத் தவறுகிறது. பிடி இல்லாதவை பின்தங்குகின்றன. வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. குளிர்ச்சியில் பல்போசக் குரோமோசோம்கள் ஓரளவு தங்கிவிடும். தங்கினால்தான் அவற்றிலிருந்து மரபணுவை எடுக்க முடியும். நியூசிலாந்தில் ரிச்சர்ட் பிக்கரிங் பல ஆண்டு இதே வேலையாக இருந்து, பல்போசத் துண்டுகள் செருகிய பார்லி வரிசைகளை உருவாக்கினார். இலைத்துரு நோயையும், மண்வழி வந்து இலையை மஞ்சளாக்கும் தேமல் வைரஸ்களையும் எதிர்க்கும் மரபணுக்கள் இந்த வழியில் பார்லிக்கு வந்திருக்கின்றன. துண்டுகள் பெரும்பாலும் குரோமோசோம் நுனிகளில்தான் செருகிக்கொள்கின்றன என்பது ஒரு தடை. நடுப்பகுதியில் இருக்கும் நல்ல குணங்களைத் தொடுவது கடினம்.

மூன்றாம் வட்டத்தைப் பயனற்றது என்று தள்ளிவிடக் கூடாது. பார்லிக்கு உதவாதவை கோதுமைக்கு உதவியிருக்கின்றன! சிலியிலும் அர்ஜென்டினாவிலும் வளரும் ஹோர்டியம் சிலென்ஸ் பார்லியோடு சேராது, கோதுமையோடு சேரும். ஸ்பெயினின் கோர்தோபாவில் அன்டோனியோ மார்ட்டினின் குழு இதையும் டியூரம் கோதுமையையும் கலந்து, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, டிரிடோர்டியம் என்ற புதிய தானியத்தையே உண்டாக்கியது. டியூரத்தின் 28, சிலென்ஸின் 14, மொத்தம் 42. மாவு மஞ்சளாக இருக்கும், லூட்டீன் என்ற நிறமி அதிகம் என்பதால். கடைக்கு வரும் அளவுக்கு வளர்ந்த தானியம் இது.

கடலோர உவர்ச் சதுப்பில் வளரும் ஹோர்டியம் மரினமும் இதே வட்டத்தில்தான் இருக்கிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்று கிடைக்காது. இதன் வேர்கள் மேலிருந்து வரும் ஆக்சிஜன் பக்கவாட்டில் கசியாமல் தடுப்புச் சுவர் அமைத்துக்கொண்டு, நுனிவரை கொண்டு சேர்க்கின்றன. உப்பையும் தண்டுக்குள் அதிகம் விடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் இதைக் கோதுமையோடு கலந்து ஆராய்ந்தார்கள். அந்தக் கலப்புச் செடி உவரையும் நீர்த்தேக்கத்தையும் கோதுமையைவிட நன்றாகத் தாங்கியது. வயலுக்கு வர இன்னும் தொலைவு இருக்கிறது. வட அமெரிக்காவின் ஹோர்டியம் புசில்லம் கதை வேறு. மக்காச்சோளம் அங்கே முதன்மைப் பயிராகும் முன், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கு வட அமெரிக்கப் பழங்குடிகள் இந்தக் குட்டைப் புல்லைப் பயிரிட்டு உண்டார்கள். பழைய உலகின் பார்லி பயிரானதற்கும் இது பயிரானதற்கும் தொடர்பே இல்லை. பிற்பாடு கைவிடப்பட்டு, இன்று அது வெறும் களை.

காட்டுச் சொந்தத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின் ஒரு எதிர்வாதமும் வைக்க வேண்டும். ஐரோப்பிய இளவேனில் பார்லியில் சாம்பல் நோயை மிக நீண்டகாலம் தடுத்து நிற்பது எம்எல்ஓ என்ற எதிர்ப்பு. அது எந்தக் காட்டுப் புல்லிலிருந்தும் வந்ததல்ல. 1942இல் ஜெர்மனியில் கதிர்வீச்சால் உண்டாக்கிய ஒரு மரபணுப் பழுதில் முதலில் தெரிந்தது. அதே மரபணுவின் இன்னொரு பழுது எத்தியோப்பிய நாட்டு ரகங்களில் முன்பே இயற்கையாக இருந்தது. இன்றைய ரகங்கள் பலவற்றில் இருப்பது அந்த எத்தியோப்பிய வடிவம்தான். காட்டு இனங்களிலிருந்து இழுத்த பல எதிர்ப்பு மரபணுக்களைப் பூசணம் சில ஆண்டுகளில் வென்றுவிட்டது, எம்எல்ஓவை வெல்ல அதற்கு இன்னும் முடியவில்லை. ஆகவே எதிர்ப்பு வேண்டுமென்றால் முதலில் தேட வேண்டியது நாட்டு ரகங்களில், அடுத்து ஸ்பான்டேனியத்தில், அதன் பிறகே பல்போசத்தில் என்பது என் கருத்து.

இந்த விதைகள் இன்று ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன், கனடா, இகார்டா போன்ற விதை வங்கிகளில் இருக்கின்றன. அலெப்போ அருகே இருந்த இகார்டாவின் வங்கியைப் போரினால் பயன்படுத்த முடியாமல் போனபோது, அது நார்வேயின் ஸ்வால்பார்டுத் தீவில் உள்ள குளிர் விதைக்கிடங்கில் முன்பே வைத்திருந்த நகல்களை 2015இல் திரும்ப எடுத்தது. அந்தக் கிடங்கிலிருந்து விதை வெளியே வந்தது அதுவே முதல் முறை. லெபனானிலும் மொராக்கோவிலும் வளர்த்துப் பெருக்கி, மீண்டும் கிடங்குக்கு அனுப்பினார்கள்.

இனி உங்கள் பாதையோரப் புல்லுக்கு வருகிறேன். அது எலிப்பார்லி என்றால், பார்லியோடு கலந்து ரகம் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மூன்றாம் வட்டம், அதிலும் தனி ஒதுக்கம். பயிருக்கு அதனால் வருவது பெரும்பாலும் கெடுதல்தான். பார்லியைத் தாக்கும் சில பூசணங்களும் வைரஸ்களும் பருவமில்லாக் காலத்தில் இதில் தங்கி வாழும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுக் களைகள் பாராகுவாட் களைக்கொல்லிக்கு எதிர்ப்புப் பெற்றது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

கால்நடை இருந்தால் இன்னும் கவனம் தேவை. கதிர் வெளிவருவதற்கு முன் இது நல்ல தீவனம். கதிர் முற்றியபின் மேயவிடாதீர்கள். நான் மேலே சொன்ன அதே அம்பு ஆட்டின் கண்ணிலும் தோலிலும் ஏறும், நாயின் காதிலும் விரலிடுக்கிலும் புகுந்து உள்ளே நகரும். அழகுக்காக வளர்க்கப்படும் ஹோர்டியம் ஜுபேட்டம், அந்தப் பட்டுக் குஞ்சம் போன்ற நரிவால் பார்லி, இந்த விஷயத்தில் இன்னும் மோசம். மாட்டின் வாயிலும் ஈறிலும் புண் உண்டாக்கும். ஆகவே பூக்கும் முன் வெட்டிவிடுவதுதான் வழி. ஓராண்டுப் புல்லான எலிப்பார்லியின் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருப்பதில்லை, இரண்டு மூன்று பருவம் விதை விழாமல் பார்த்துக்கொண்டால் வெகுவாகக் குறைந்துவிடும்.

கடைசியாக, இதைப் பற்றிப் பேசினாலே பலருக்கும் எழும் ஐயம்: காட்டு இனம் என்பதால் பசைப்புரதம் (குளூட்டன்) இருக்காது, அதை உடல் ஏற்காத செலியாக் நோய் உள்ளவர்கள் உண்ணலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. பார்லியின் பசைப்புரதமான ஹோர்டீன் வகைப் புரதங்கள் ஸ்பான்டேனியத்திலும் மற்ற ஹோர்டியம் இனங்களிலும் இருக்கின்றன. டிரிடோர்டியத்தில் கோதுமையின் பங்கும் சேர்ந்தே இருக்கிறது. செலியாக் உள்ளவர்கள் இவை எதையும் தொடக் கூடாது.